நாற்பத்து மூன்று முறை செத்த பன்றி

ஏழுமேட்டு ராஜ்யத்துக்கு எதிரி நாடு என்று ஒன்று கிடையாது. பன்றிதான் இருந்தது.

மூன்று பக்கமும் காடு, நடுவில் மரவள்ளிக்கிழங்குத் தோட்டங்கள், இவ்வளவுதான் ராஜ்யம். கிழங்கு முற்றும் பருவத்தில் காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்கும். மூக்கால் மண்ணைக் கிளறி, ஒரு குடும்பத்தின் பத்து மாதப் பாட்டை ஒரு பொழுதில் தின்று தீர்த்துவிட்டுக் காட்டுக்குத் திரும்பிவிடும். அதைத் தடுக்கத்தான் முன்னூறு பேர் கொண்ட படை ஒன்று இருந்தது. படை என்றால் போருக்குப் போகிறது என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. கிழங்குக்குக் காவல் என்றுதான் தெரியும்.

படையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை வீரர்கள் எல்லோரும் சுடுதளத்தில் கூடி, இருநூறு அடி தூரத்தில் நட்டுவைத்த தட்டியைச் சுட வேண்டும். சாக்குத்துணித் தட்டி. அதில் பன்றி உருவம் வரைந்திருக்கும். பத்துத் தோட்டாவில் ஏழு பட்டால், சட்டையின் இடது மார்பில் வெள்ளிச் சரிகையில் நெய்த சின்னம் ஒன்றைத் தைத்துக்கொள்ளலாம். குறுக்காக வைத்த இரண்டு துப்பாக்கி, நடுவில் ஒரு பன்றித் தலை. ராஜ்யம் முழுவதிலும் பதினோரு பேர் மார்பில்தான் அது இருந்தது. அந்தப் பதினோரு பேர் காட்டோரம் நடந்துபோனாலே பன்றி வராது என்பார்கள். அது கொஞ்சம் மிகைதான். ஆனாலும் கிழங்கு மிஞ்சியது.

பட்டதா, படவில்லையா என்று சொல்வதற்குத் தட்டிக்கு அடியில் ஒரு குழி. குழிக்குள் சென்னியப்பன் என்று ஒருவர். ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் அவர் தட்டியைக் கயிற்றால் கீழே இறக்குவார், ஓட்டையைத் தேடுவார், கிடைத்தால் அதில் தன் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார். விரல் உள்ளே போனால் வெள்ளைக் கொடி. விரல் போக இடமில்லை என்றால் சிவப்புக் கொடி. பிறகு ஓட்டையின் மேல் கிழங்குமாவுப் பசை தடவி ஒரு ஒட்டுத்தாளை ஒட்டித் தட்டியை மேலே ஏற்றுவார். இருபத்திரண்டு வருஷம் இதைத்தான் செய்தார். மன்னரின் மைத்துனன் சுட்டபோதும் பத்து முறை சிவப்புக் கொடிதான் காட்டினார். மைத்துனன் கோபித்துக்கொண்டு போனாரே தவிர, தப்பு என்று சொல்லவில்லை. அப்போதெல்லாம் அப்படி.

சென்னியப்பனின் மனைவி பாவாயிக்குக் காட்டை ஒட்டி முக்கால் ஏக்கர் இருந்தது. அவள் அப்பன் கொடுத்தது, அவள் பேச்சில் அந்த நிலம் ‘எங்கப்பன் காடு’. பிள்ளைகள் இல்லாத அவளுக்கு அதுதான் எல்லாம். ஏழுமேட்டில் இன்னொரு சட்டமும் இருந்ததை இங்கேயே சொல்லிவிட வேண்டும்: தொடர்ந்து மூன்று வெள்ளாமை தவறிய நிலம் அரண்மனைக்குச் சேரும். சோம்பேறிகளைத் திருத்துவதற்காக யாரோ ஒரு பழைய ராஜா போட்ட சட்டம். பாவாயியின் நிலம் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை என்பதால் அவள் அந்தச் சட்டத்தைப் பற்றி நினைத்ததே இல்லை.

இப்படி இருக்கையில் அடுத்த நாட்டுத் தூதர் ஒருவர் விருந்துக்கு வந்தார். தூதரோடு வந்த இருபது காவலர்களின் மார்பிலும் சின்னம் சின்னமாக மின்னியது. ஏழுமேட்டு மன்னர் இரணதீர பூபதி தன் படையைப் பார்த்தார். முன்னூறு சட்டை, பதினோரு சின்னம். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

தூதர் போனதும் படைத்தலைவர் குலோத்தமரை அழைத்தார்.

“நம் வீரர்களின் மார்பு ஏன் வெறிச்சென்று இருக்கிறது?”

“மகாராஜா, திறமைக்குக் குறைவே இல்லை. திறமையை வெளிப்படுத்துவதில்தான் சிறு தடங்கல் இருக்கிறது.”

“என்ன தடங்கல்?”

“குழியில் ஒருவன் இருக்கிறான். அடிக்கடி சிவப்புக் கொடி காட்டுகிறான். வீரனின் மனம் உடைந்துவிடுகிறது. மனம் உடைந்தவன் எப்படிச் சுடுவான்?”

மன்னர் யோசித்தார். அவர் யோசித்தால் ஆணை வரும் என்பது ராஜ்யத்தில் எல்லோருக்கும் தெரியும். மறுநாளே வந்தது. ‘வீரர்களின் ஊக்கத்தைக் குலைக்கும் சிவப்புக் கொடி இன்றுமுதல் நீக்கப்படுகிறது.’ சுடுதளத்திலிருந்த சிவப்புக் கொடிகளை ஒரு வண்டியில் போட்டு எடுத்துச் சென்றார்கள். சென்னியப்பன் இடுப்பில் செருகியிருந்த ஒன்று மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை. வீட்டுக்கு வந்ததும் பாவாயி அதை வாங்கிச் சுருட்டித் தலையில் சும்மாடாக வைத்துக்கொண்டாள். கிழங்குக் கூடை சுமக்க நல்ல தடித்த துணி.

சிவப்புக் கொடி போனபின் சென்னியப்பன் குண்டு தவறினால் சும்மா இருந்தார். அந்த மௌனமும் வீரர்களைப் புண்படுத்துவதாகப் புகார் போனது.

அதோடு தலைநகரத்து அதிகாரிகளுக்கு வேறு ஒரு சிக்கல் இருந்தது. சின்னம் வழங்க அவர்களுக்கு ஆதாரம் வேண்டும். அதற்காக வெயிலில் வந்து குழிக்குள் இறங்க முடியுமா? முடியாது. ஆகவே தட்டிகளையே தலைநகருக்கு அனுப்பச் சொன்னார்கள். தட்டியில் எத்தனை ஒட்டுத்தாள் இருக்கிறதோ அத்தனை குண்டு பட்டதாகக் கொள்ளலாம் என்று ஒரு புத்திசாலி சொன்னார். ஓட்டை இருந்தால்தானே ஒட்டுத்தாள்? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. இரண்டாவது ஆணை வந்தது: ‘ஒரு ஒட்டுத்தாள் என்பது ஒரு குண்டு.’

அன்று குலோத்தமர் தாமே குழிக்கு வந்தார். உள்ளே இறங்கவில்லை, விளிம்பில் நின்றார்.

“சென்னியப்பா, நாளையிலிருந்து ஒரு வீரனுக்கு ஏழு தாளாவது ஒட்டிவிடு.”

“ஓட்டை இல்லாத எடத்துல தாள் எதுக்குங்க?”

“பழுதான இடத்தை மூடுவது சாதாரண வேலை. பழுதாவதற்கு முன்பே மூடுவதுதான் நிர்வாகம்.”

“எனக்கு அது தெரியாதுங்க. வெரல் போனா ஒட்டுவேனுங்க.”

“உன் விரலை நம்பி ஒரு ராஜ்யம் இருக்க முடியுமா?”

“இத்தன வருசம் இருந்துச்சுங்களே.”

குலோத்தமர் உதவிக்கு என்று சொல்லி மேலும் நான்கு பேரைக் குழியில் இறக்கினார். அவர்கள் ஒட்டினார்கள். சென்னியப்பன் ஓரமாக உட்கார்ந்து பசை காய்ச்சினார். ஒட்டவில்லை என்பது அவருடைய ஆறுதல். காய்ச்சியவர் அவர்தான் என்பதை ஏனோ அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல மனிதர்களுக்கு இந்தக் கோளாறு உண்டு.

ஒரே வருஷத்தில் முன்னூறு பேரும் சின்னம் வாங்கினார்கள். பிறகு சுடுவது மாதத்துக்கு ஒருமுறை என்று ஆனது, எல்லோருக்கும் இரண்டாவது, மூன்றாவது. இடது மார்பு நிறைந்ததும் வலது மார்பு, அதுவும் நிறைந்ததும் வலது தோள். துப்பாக்கிக் கட்டையை அணைத்துப் பிடிக்கும் இடம் அதுதான். சரிகை வழுக்கிக் கட்டை தோளில் நிற்கவில்லை. முன்பு பத்துக்கு ஏழு சுட்டவர்களும் தவறவிட ஆரம்பித்தார்கள். பழைய பதினோரு பேரில் ஒருவர், தோளில் சின்னம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். மன்னர் அளித்த மரியாதையை மறுத்த குற்றத்துக்காக அவரைக் குதிரை லாயத்துக்கு மாற்றினார்கள். மற்ற பத்து பேரும் தைத்துக்கொண்டார்கள்.

சின்னம் பெருகப் பெருக ஒட்டுத்தாளும் பெருகியது, பசையும் ஏராளமாகத் தேவைப்பட்டது. மூன்றாவது ஆணை: ‘விளையும் நான்கு மூட்டைக் கிழங்கில் ஒரு மூட்டை பசைக்கு.’ குடியானவர்கள் கொடுத்தார்கள். கிழங்கைக் காப்பதற்கென்று இருக்கும் படைக்குக் கிழங்கு கொடுக்காமல் இருப்பது எப்படி என்று அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பாவமாக இருக்கிறது, வேறென்ன சொல்ல.

ஆனால் கிழங்குமாவுப் பசை என்றால் பன்றிக்கு உயிர். தட்டி ஒவ்வொன்றும் பசையும் தாளுமாக ஒரு சாண் கனத்துக்கு வளர்ந்திருந்தது. மண்ணைக் கிளறாமலே கிடைக்கிற சாப்பாடு. பன்றிகள் சுடுதளத்துக்கு வரத் தொடங்கின. காட்டிலிருந்து சுடுதளத்துக்கு நேர்வழி பாவாயியின் முக்கால் ஏக்கர் வழியாகத்தான் போகிறது. போகிற வழியில் கொஞ்சம், வருகிற வழியில் கொஞ்சம். அந்த வருஷம் அவளுக்கு ஒரு கூடைகூடத் தேறவில்லை. அடுத்த வருஷமும் அப்படியே.

“ரெண்டு வெள்ளாமை போச்சுங்க,” என்றாள் பாவாயி. “இன்னொன்னு போனா எங்கப்பன் காடு போயிரும். படைக்காரங்க எல்லாம் என்ன பண்றாங்க?”

“சின்னத்துக்கு மெருகு போடறாங்க.”

“நீங்க?”

சென்னியப்பன் கையில் பசை ஒட்டியிருந்தது.

அந்த வருஷம் ராஜ்யத்தின் ஆண்டுவிழா. மன்னர், அமைச்சர்கள், அதே அடுத்த நாட்டுத் தூதர், எல்லோரும் சுடுதளத்து மேடையில். முன்னூறு வீரர்களும் வரிசையாக நின்றார்கள். சட்டை தெரியவில்லை, சின்னம்தான் தெரிந்தது. எதிரே அன்று காலையில் ஒட்டிய ஈரம் காயாத தட்டிகள். மன்னர் கையை உயர்த்துவதற்குள் காட்டுப் பக்கமிருந்து ஒரு கிழட்டு ஆண் பன்றி வந்தது. கன்றுக்குட்டி அளவு இருக்கும். அது யாரையும் பார்க்கவில்லை. நேராகத் தட்டிகளுக்குள் புகுந்து கிழித்துத் தின்ன ஆரம்பித்தது.

“மகாராஜா,” என்றார் குலோத்தமர், குரல் நடுங்காமல். “நிகழ்ச்சி நிரலில் ஒரு சிறு மாற்றம். நிஜப் பன்றி.”

முன்னூறு துப்பாக்கியும் ஒரே நேரத்தில் வெடித்தன. புகை விலகியபோது பன்றி தின்றுகொண்டிருந்தது. மறுபடி வெடித்தன. பன்றி கிழிந்த தட்டியில் சுகமாக ஒருமுறை புரண்டு எழுந்தது. மூன்றாம் முறை வெடித்தபோது தலையைத் தூக்கிப் பார்த்தது. தூதர் இருமுவதுபோல் வாயை மூடிக்கொண்டார்.

குலோத்தமர் மேடையிலிருந்து இறங்கிக் குழியை நோக்கி ஓடினார். படைத்தலைவர் ஓடி யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

“சென்னியப்பா. அதன் உடம்பில் எத்தனை ஒட்டுத்தாள் இருக்கிறது, எண்ணு.”

சென்னியப்பன் குழியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார். ஈரப் பசையில் புரண்ட பன்றியின் மயிரெல்லாம் தாள் ஒட்டியிருந்தது.

“நாப்பத்தி மூணுங்க.”

“ஒரு ஒட்டுத்தாள் என்பது ஒரு குண்டு. ஆணை தெரியுமல்லவா? கொடியைக் காட்டு.”

“பன்னி நிக்கிதுங்களே.”

குலோத்தமர் குனிந்தார். “உன் மனைவியின் நிலம் இரண்டு வெள்ளாமை தவறியிருக்கிறது. மன்னர் என்னை நம்புகிறார், நீ கொடி காட்டினால் உன்னையும் நம்புவார். இனி அந்த நிலத்தைப் பன்றி கொண்டுபோகாது. நான் வாக்குக் கொடுக்கிறேன்.”

முக்கால் ஏக்கர். பாவாயியின் முகம். சென்னியப்பன் வெள்ளைக் கொடியை உயர்த்தினார். அவர் வாழ்நாளில் சொன்ன முதல் பொய் அது. கையை உயர்த்தும்போதே வெட்கத்தில் அவருக்குக் காது சூடானது என்று பின்னால் பாவாயியிடம் சொன்னார்.

மேடையில் கைதட்டல் எழுந்தது. முதல் வரிசையில் நின்ற நாற்பத்து மூன்று பேருக்கும் அங்கேயே புதுச் சின்னம் குத்தப்பட்டது. செத்த பன்றி சத்தம் பிடிக்காமல், தாள்கள் படபடக்க, காட்டைப் பார்த்து நடந்தது. பாவாயியின் தோட்டம் வழியாகத்தான் நடந்தது.

மறுநாள் அரசிதழில் வந்தது: ‘நாற்பத்து மூன்று குண்டுகளால் பன்றி அழிக்கப்பட்டது. ஏழுமேட்டில் இனி பன்றி இல்லை.’

மூன்றாவது வெள்ளாமையும் போனது. நில விசாரணை அதிகாரி அம்பலநாதர் பாவாயியையும் சென்னியப்பனையும் வரச் சொன்னார். அவர் தன்மையானவர், யாரையும் வையமாட்டார்.

“விளைச்சல் எங்கே, அம்மா?”

“பன்னி தின்னுருச்சுங்க.”

“எந்தப் பன்றி?”

“காட்டுப் பன்னிதானுங்க. தாளு ஒட்டிக்கிட்டு ஒன்னு, அதுக்குப் பின்னால இருவது முப்பது.”

அம்பலநாதர் அரசிதழை எடுத்து மேஜைமேல் விரித்தார். “பன்றி இல்லை என்று இதில் இருக்கிறது.”

“அதுல இல்லீங்க. எங்க காட்டுல இருக்குது. வந்து பாருங்க, கால்தடம் இருக்குது.”

“அம்மா, நான் வந்து பார்த்து, அங்கே பன்றி இருந்தும்விட்டால், அதை எந்தப் படிவத்தில் எழுதுவேன்? பன்றிக்கான படிவத்தை நீக்கிவிட்டார்கள்.” அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். “மேலும், பன்றி செத்ததற்குச் சாட்சி வேறு யாருமில்லை. உங்கள் கணவர்தான். கொடி காட்டியிருக்கிறார்.”

பாவாயி திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

“பொய் சொன்னேனுங்க,” என்றார் சென்னியப்பன். “பன்னி மேல ஒரு குண்டும் படல. நடந்து போச்சு. நான் வெரல் வெச்சுப் பாக்கல. பாக்காம கொடி காட்டிட்டேன். காட்டப் புடுங்காதீங்க, வேணும்னா என்ன ஜெயில்ல போடுங்க.”

அம்பலநாதர் எழுதுகோலை மூடி வைத்தார்.

“நீங்கள் சொல்வது உண்மையென்றால் நாற்பத்து மூன்று சின்னம் பொய். பார்த்துக்கொண்டிருந்த மன்னரின் கண்ணும் பொய். யோசித்துச் சொல்லுங்கள்.”

“யோசிச்சுத்தானுங்க சொல்றேன்.”

“சாட்சி களைப்பாக இருந்தார் என்று எழுதிக்கொள்கிறேன்,” என்றார் அம்பலநாதர். “உங்கள் நன்மைக்காக.”

“படைத்தலைவரு வாக்குக் குடுத்தாருங்க.”

“பன்றி கொண்டுபோகாது என்றுதானே கொடுத்தார்? பன்றியா கொண்டுபோகிறது? அரண்மனை கொண்டுபோகிறது.”

வெளியே வந்ததும் பாவாயி கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு, “என்னைக் கேக்காம எதுக்குங்க என்னோட காட்டுக்காகப் பொய் சொன்னீங்க?” என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். சென்னியப்பன் அழுதார்.

முக்கால் ஏக்கர் இருபத்தாறு சின்னம் வைத்திருந்த ஒரு படைவீரருக்கு மானியமாகப் போனது. பாவாயி தன் அப்பன் நிலத்தில் அவரிடமே கூலிக்குப் போனாள். தலையில் சிவப்புச் சும்மாடு, அதன்மேல் கூடை. பன்றிக்கு யார் நிலம் என்ற பேதம் தெரியாது. படைவீரரின் கிழங்கையும் தின்றது. அவர் அரண்மனைக்கு மனு எழுதினார். பன்றி என்று எழுத முடியாது, அவரே அதைச் சுட்டவர்களில் ஒருவர். ஆகவே, கிழங்கு காணாமல் போகிறது என்று மட்டும் எழுதினார். இதேபோல் காட்டோர நிலங்களை மானியமாக வாங்கிய மற்ற வீரர்களும் அப்படியே எழுதினார்கள்.

மந்திராலோசனை கூடியது. பன்றி இல்லை. கிழங்கும் இல்லை. அப்படியானால் தின்பது யார்? ஏழுமேட்டில் பன்றியை விட்டால் கிழங்கு தின்கிற பிராணி இன்னும் ஒன்றுதான் உண்டு. குலோத்தமர் அதைச் சொன்னபோது ஒருவரும் மறுக்கவில்லை.

நான்காவது ஆணையின்படி படையின் வேலை மாறியது. தட்டியில் உருவமும் மாற வேண்டுமல்லவா? அரண்மனை ஓவியரைக் காட்டோரம் அனுப்பினார்கள். அவர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, முதலில் கண்ணில் பட்ட ஆளைப் பார்த்து அப்படியே வரைந்துகொண்டு வந்தார். கெட்டிக்கார ஓவியர், நிறம்கூட விடவில்லை.

புதுத் தட்டி சுடுதளத்துக்கு வந்த அன்று சென்னியப்பன்தான் அதை மரச்சட்டத்தில் கட்டினார். கட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தார். தலையில் கூடை. கூடைக்கு அடியில் சிவப்புச் சும்மாடு. கொஞ்சம் சாய்ந்து நிற்கிற நிற்பு. வீட்டுக்குப் போனவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“அந்தத் துணியக் குடு புள்ள.”

“கூடைக்கு என்னுங்க பண்றது?”

“வேற எதாச்சும் வெச்சுக்க. இது வேண்டாம்.”

ஏன் என்று அவள் கேட்டாள். அவர் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு மறுநாள் காலை குழியில் இறங்கினார்.

பன்றிக்கு இருநூறு அடி. ஆளுக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை, கூப்பிட்டால் நிற்கிற பிராணி என்று முப்பது அடியாகக் குறைத்திருந்தார்கள். தட்டியும் புதுசு, ஒரே ஒரு துணி, பசையில்லை, தாளில்லை. தோளில் இருந்த சின்னங்களைக்கூட இந்த முறை கழற்றி வைக்கச் சொல்லியிருந்தார்களாம். காரியம் முக்கியம் என்றால் அரசாங்கத்துக்கும் எல்லாம் தெரியத்தான் செய்கிறது.

ஒரு துப்பாக்கி வெடித்தது. சென்னியப்பன் தட்டியை இறக்கினார். நெஞ்சுக்கு நேராக ஓர் ஓட்டை. நான்கு வருஷமாக அவர் ஓட்டையே பார்த்ததில்லை. பழக்கத்தில் கை நீண்டது. சுண்டுவிரல் உள்ளே போனது.

அவர் விரலை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ தெரியாது. மேலே இருந்து, “என்னய்யா ஆச்சு, கொடி எங்கே?” என்று குலோத்தமர் குரல் கேட்டது. சென்னியப்பன் இடுப்பிலிருந்து சிவப்புத் துணியை உருவினார். பிரித்து, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். தப்பு. படவில்லை. அவர் வாழ்நாளில் சொன்ன இரண்டாவது பொய் அது. இந்த முறை அவருக்கு வெட்கமாக இல்லை.

வரிசையில் நின்றவர்களில் பாதிக்கு மேல், சிவப்புக் கொடியை நீக்கிய பிறகு படையில் சேர்ந்தவர்கள். வெள்ளைக் கொடி தெரியும், சிவப்பை அவர்கள் கண்டதில்லை. வெள்ளையைவிடப் பெரிதாக ஏதோ நடந்திருக்கிறது என்று யாரோ ஒருவன் கைதட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். பழைய ஆட்களுக்கு அர்த்தம் தெரியும். அவர்களும் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துவிட்டுத் தட்டினார்கள். குழியில் நின்று சென்னியப்பன், “தப்பு, தப்பு” என்று கத்தினார். கைதட்டலில் கேட்கவில்லை.

சாயங்காலமே அரசாணை வந்துவிட்டது: ‘சிவப்புக் கொடிக்கு இரண்டு சின்னம்.’

சும்மாடு இல்லாததால் பாவாயி இப்போது கூடையை இடுப்பில் வைத்துத்தான் தூக்கிப் போகிறாள். ஓவியரிடம் அதையும் சொல்லிவிட்டார்களாம்.